அரசு வேலையிலிருந்து மேலாண்மை ஆலோசனைத் துறைக்கு: தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தேசிய, மாகாண இலாகாக்களில் 8 முதல் 12 வரையான சம்பள நிலைகளில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது இது. முனிசிபாலிட்டி ஊழியர்களுக்கு விதி மாறும் இடங்களில் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

என்னை யார் எடுப்பார்கள்?

ஆலோசனை நிறுவனம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருபவை மெக்கின்சி, பி.சி.ஜி., பெய்ன். பெய்ன் 2025-இல் தென்னாப்பிரிக்காவில் ஆலோசனை வேலையை நிறுத்திக்கொண்டது. ஜோகன்னஸ்பர்க்கை மையமாக வைத்து இயங்கும் மற்ற இரண்டும், பல்கலைக்கழகம் முடித்த இளைஞர்களையும் எம்.பி.ஏ. முடித்தவர்களையுமே பெரும்பாலும் எடுக்கின்றன. பத்துப் பன்னிரண்டு ஆண்டு அரசு அனுபவத்தோடு அந்தக் கதவைத் தட்டுவது வீண் முயற்சி இல்லை, ஆனால் குறுகலான வழி.

டெலாய்ட், பி.டபிள்யூ.சி., இ.ஒய்., கே.பி.எம்.ஜி. ஆகிய நான்கிலும் அரசுத் துறைக்கென்றே தனிக் குழுக்கள் உண்டு. டர்பன்காரர்களுக்கு அவற்றின் அலுவலகங்கள் உம்ஷ்லாங்கா, லா லூசியா ரிட்ஜ் பக்கத்திலேயே இருக்கின்றன. உங்கள் அனுபவத்துக்கு விலை கிடைக்கும் முதல் இடம் அதுதான். மூன்றாவது வகை, மாகாண, முனிசிபல் வேலைகளை நம்பி நடக்கும் இருபது முப்பது பேர் கொண்ட உள்ளூர் நிறுவனங்கள். சம்பளம் கொஞ்சம் குறையலாம். ஆனால் முதல் மாதமே உங்களை வாடிக்கையாளர் முன்னால் உட்கார வைப்பார்கள்.

பதவியில் ஒரு படி இறங்க வேண்டியிருக்கும் என்பதை முன்பே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பத்துப் பேரை மேய்த்த துணை இயக்குநர், அங்கே சீனியர் கன்சல்டன்டாக நுழைந்து தன் ஸ்லைடைத் தானே தயாரிப்பார். இருபத்தேழு வயது மேனேஜர் அதில் சிவப்பு மையால் திருத்துவார். இதைத் தாங்க முடியாமல் ஆறே மாதத்தில் வெளியேறுபவர்கள் உண்டு. கணக்குத் தெரியாமல் வெளியேறுபவர்கள் அவர்களைவிடக் குறைவு.

என் அனுபவத்தில் விற்கக்கூடியது எது?

ஒரு கோப்பு எப்படி நகர்கிறது என்ற அறிவு. ஒரு சப்மிஷன் யார் யார் கையெழுத்தைத் தாண்ட வேண்டும், எந்த மேசையில் மூன்று வாரம் தூங்கும், டெண்டருக்கு ஸ்பெசிஃபிகேஷன் குழு, மதிப்பீட்டுக் குழு, தீர்ப்புக் குழு என்ற வரிசையில் எந்த இடத்தில் தகராறு வரும் என்பதையெல்லாம் வெளியாள் ஒரு வருடத்தில் கற்றுக்கொள்ள முடியாது. 1999-ஆம் ஆண்டு பொது நிதி மேலாண்மைச் சட்டமும், முனிசிபாலிட்டிகளுக்கான 2003-ஆம் ஆண்டுச் சட்டமும் தினசரி வேலையில் எப்படிப் பிடிக்கின்றன என்பதும் அப்படித்தான். அரசின் ஊழியர், சம்பளக் கணினி அமைப்பான பெர்சாலில் ஒரு காலிப் பணியிடம் எப்படி உருவாகிறது, 2017 ஜூலை 1 முதல் முனிசிபாலிட்டிகளில் வந்த எம்ஸ்கோவா கணக்கு வகைப்பாடு எங்கே உடைகிறது, தலைமைத் தணிக்கையாளரின் கண்டுபிடிப்பு ஏன் ஆண்டுக்கு ஆண்டு திரும்ப வருகிறது என்பவையெல்லாம் உங்கள் சரக்கு.

இதை சி.வி.யில் எழுதும்போதுதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வேலை ஒப்பந்தத்தில் இருக்கும் பொறுப்புப் பட்டியலை அப்படியே நகலெடுத்து ஆறு பக்கம் அனுப்புகிறார்கள். இரண்டு பக்கம் போதும். ‘மாவட்ட மருந்து விநியோகத்தை மேற்பார்வையிட்டேன்’ என்பது ஒன்றும் சொல்லவில்லை. எத்தனை கிளினிக், தட்டுப்பாடு எவ்வளவிலிருந்து எவ்வளவுக்குக் குறைந்தது, அதற்கு நீங்கள் மாற்றிய ஒரு விஷயம் என்ன என்று எழுதுங்கள். எண் தெரியாவிட்டால் உங்கள் பழைய காலாண்டு அறிக்கைகளைப் புரட்டுங்கள், அங்கே இருக்கும். இலாகா வெளியிட்ட ஆண்டறிக்கையில் உள்ள எண் என்றால் இன்னும் நல்லது. அதைச் சொல்வதில் ரகசியக் காப்புப் பிரச்சினை வராது.

கே.இசட்.என்.னில் (குவாசுலு-நாட்டால் மாகாணம்) இருப்பவர்கள் ஜூலு பேச்சுத் திறனைக் கடைசி வரியில் ஒளித்து வைக்க வேண்டாம். களத்தில் ஊழியர்களிடம் நேரடியாகப் பேசித் தகவல் எடுக்கத் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு.

கேஸ் இண்டர்வியூவுக்கு எப்படித் தயாராவது?

அரசு நேர்காணலில் குழு ஒரே கேள்வித்தாளை எல்லோருக்கும் படிக்கும், நீங்கள் சட்டப் பிரிவுகளைச் சொல்லி மதிப்பெண் வாங்குவீர்கள். இங்கே ஒரு பிரச்சினையைக் கொடுத்துவிட்டு, நீங்கள் யோசிக்கும் விதத்தைப் பார்ப்பார்கள். விடையைவிட வழி முக்கியம்.

எடுத்துக்காட்டாக, ‘டர்பனில் ஒரு நாளைக்கு எத்தனை பன்னி சௌ (ரொட்டிக்குள் கறி நிரப்பியது) விற்கும்?’ என்று கேட்டால், சிரித்துவிட்டு எண் சொல்லக் கூடாது. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் டர்பன் அடங்கிய எத்தெக்வினி மாநகராட்சியில் சுமார் 42 லட்சம் பேர். அதில் பன்னி சாப்பிடும் பழக்கம் உள்ளவர்கள் 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 12.6 லட்சம். சராசரியாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றால், 21-ஆல் வகுத்தால் நாளைக்கு 60,000. இப்போது நிறுத்தாமல் சரிபாருங்கள்: ஒரு கடை நாளைக்கு 150 விற்றால் 400 கடை வேண்டும். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், ஓவர்போர்ட், நகர மையம் என்று எண்ணிப் பார்த்தால் அது நம்பத்தக்கதா? அதிகமாகத் தோன்றினால் எந்த அனுமானத்தைக் குறைப்பீர்கள்? இந்தக் கடைசிப் படியைச் செய்பவர்கள்தான் அடுத்த சுற்றுக்குப் போகிறார்கள்.

அரசிலிருந்து வருபவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் வேறு. ‘மருத்துவமனையில் வெளிநோயாளி வரிசை நீள்கிறது, என்ன செய்வீர்கள்?’ என்றால் உடனே ‘கொள்கை வகுக்க வேண்டும், பணிக்குழு அமைக்க வேண்டும்’ என்று தொடங்குவார்கள். வரிசையைப் பிரியுங்கள்: பதிவு, கோப்புத் தேடல், மருத்துவர், மருந்தகம். ஒவ்வொன்றிலும் மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை பேர் வெளியேறுகிறார்கள் என்று கேளுங்கள். குறுகலான கட்டம் எதுவென்று தெரிந்த பிறகே தீர்வைப் பேசுங்கள். சத்தமாக யோசித்து, தாளில் கோடு போட்டுக்கொண்டே, வாரம் மூன்று கேஸ் வீதம் இரண்டு மாதம் ஒரு துணையோடு பயிற்சி செய்யுங்கள். தனியாகப் படித்தால் போதாது.

எம்.பி.ஏ. கட்டாயமா?

இல்லை. அரசுத் துறைக் குழுக்களுக்கு உங்கள் அனுபவமே நுழைவுச்சீட்டு. துறையே மாறி வங்கி, சில்லறை வணிகம் என்று போக நினைப்பவர்களுக்கு கிப்ஸ், விட்ஸ், கேப்டவுன் போன்ற இடங்களின் எம்.பி.ஏ. உதவும். இலாகா பர்சரியில் (படிப்புதவித் தொகை) படித்தால் திருப்பிப் பணியாற்ற வேண்டிய காலம் ஒப்பந்தத்தில் இருக்கும். அது முடியுமுன் விலகினால் மீதித் தொகையைக் கேட்பார்கள்; பென்ஷன் பணத்திலிருந்தே பிடித்துக்கொள்ளவும் முடியும்.

அவர்கள் சொல்லும் சம்பளம் உண்மையில் கூடுதல்தானா?

தனியார் நிறுவனம் சொல்வது மொத்தச் செலவுத் தொகை. பென்ஷன், மருத்துவம் எல்லாம் அதற்குள் அடக்கம். நிலை 10 வரை இருப்பவர்கள் தங்கள் அடிப்படைச் சம்பளத்தை அதோடு ஒப்பிட்டு ஏமாறுகிறார்கள். ஆண்டு அடிப்படை 5,00,000 ராண்ட் என்று வையுங்கள். அரசு செலுத்தும் பென்ஷன் பங்கு 13 சதவீதம், 65,000. பிறந்த மாதத்தில் வரும் பதின்மூன்றாவது சம்பளம், 41,667. ஆக 6,06,667. வீட்டு உதவித் தொகையும் குடும்பத்துக்கான ஜெம்ஸ் (அரசு ஊழியர் மருத்துவத் திட்டம்) மானியமும் சேர்ந்தால் 6,50,000-ஐத் தாண்டிவிடும். ஆக, 6,20,000 என்று வரும் ‘உயர்வு’ உண்மையில் இறக்கம்.

நிலை 11 முதல் நீங்கள் ஏற்கெனவே எல்லாம் அடங்கிய முழுப் பொதியில் இருப்பதால் ஒப்பீடு எளிது. விடுப்பையும் பாருங்கள். அரசில் 22 வேலை நாள், பத்தாண்டுக்குப் பின் 30. தனியாரில் சட்டப்படி குறைந்தபட்சம் 15 வேலை நாள்தான், எனவே எண்ணை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

ஜி.இ.பி.எஃப். (அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியம்) பென்ஷனை என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். இங்கே எடுக்கும் தவறான முடிவைப் பின்னால் திருத்த முடியாது.

முதலில் எதை விடுகிறீர்கள் என்று கணக்கிடுங்கள். பத்தாண்டுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெறுபவருக்கு ஆண்டு பென்ஷன் என்பது இறுதிச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 55-ஆல் வகுத்து 360 ராண்ட் கூட்டியது. இறுதிச் சம்பளம் என்பது கடைசி 24 மாதப் பென்ஷனுக்குரிய சம்பளத்தின் சராசரி. முழுப் பொதி அல்ல. அதோடு ஒருமுறைத் தொகையாக இறுதிச் சம்பளத்தில் 6.72 சதவீதம், ஒவ்வோர் ஆண்டுக்கும். 20 ஆண்டு, 6,00,000 ராண்ட் என்றால் ஆண்டுக்கு சுமார் 2,18,500 ராண்ட் பென்ஷனும் 8,06,400 ராண்ட் கையிலும் வரும். பின்னால் வாழ்க்கைத் துணைக்கும் பென்ஷன் உண்டு. சந்தை விழுந்தாலும் இது விழாது. தனியார் நிதியில் அந்த அபாயம் உங்கள் தலையில்.

ராஜினாமா செய்தால் இந்த வாய்ப்பாடு இல்லை. நிதியத்தின் கணக்காளர்கள் கணிக்கும் உங்கள் பங்கின் மதிப்பு கிடைக்கும். அதைப் பணமாக எடுக்கலாம், அல்லது ஓய்வு வரை பணத்தைக் காத்து வைக்கும் ப்ரிசர்வேஷன் ஃபண்ட் போன்ற அங்கீகரித்த நிதிக்கு மாற்றலாம். மாற்றினால் அப்போது வரி இல்லை.

பணமாக எடுத்தால் எவ்வளவு போகும்? 2023 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி முதல் 27,500 ராண்டுக்கு வரி இல்லை, அதற்கு மேல் 7,26,000 வரை 18 சதவீதம், 10,89,000 வரை 27, அதற்கு மேல் 36. 8,00,000 ராண்ட் எடுப்பவருக்கு வரி 1,25,730 உடன் 19,980, ஆக 1,45,710. இதோடு முடிவதில்லை. ஓய்வு பெறும்போது கிடைக்கும் 5,50,000 ராண்ட் வரிவிலக்கை இன்று எடுத்த தொகை தின்றுவிடும். ஒரே பணத்துக்கு இரண்டு முறை விலை கொடுக்கிறீர்கள்.

2024 செப்டம்பர் 1-இல் வந்த இரு பானை முறையால் இன்னொரு மாற்றம். அந்தத் தேதிக்குப் பின் சேர்வதில் மூன்றில் இரண்டு பங்கு ஓய்வுப் பகுதிக்குப் போகிறது. விலகினாலும் அதைப் பணமாக எடுக்க முடியாது. ஓய்வு வயது வரை ஏதாவதொரு ஓய்வூதிய நிதியில் இருந்தாக வேண்டும். மீதி ஒரு பங்கு சேரும் சேமிப்புப் பகுதியிலிருந்து வரியாண்டுக்கு ஒருமுறை, குறைந்தது 2,000 ராண்ட் எடுக்கலாம். அதற்கு உங்கள் வழக்கமான வருமான வரி விகிதமே பொருந்தும்.

எங்கள் கணிப்பு இதுதான்: கடன் கழுத்தை நெரிக்காத வரை பணமாக எடுக்காதீர்கள். ‘வீட்டுக் கடனை அடைத்துவிடலாம்’ என்ற யோசனை பெரும்பாலும் காரில் போய் முடிகிறது. 1998 மார்ச் 1-க்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்கு, அந்தத் தேதிக்கு முந்தைய பணிக்குரிய பங்குக்கு வரிவிலக்கு உண்டு. ஆலோசகர் யாராவது இதைச் சொல்லாமல் கணக்குக் காட்டினால் வேறு ஆளைப் பாருங்கள். 55 வயதைத் தொட்டவர்கள் ராஜினாமா என்ற சொல்லையே எழுதக் கூடாது. முன்கூட்டிய ஓய்வு கேளுங்கள். 60-க்கு முன் ஒவ்வொரு மாதத்துக்கும் 0.33 சதவீதம் குறையும், ஆனால் பென்ஷன் பென்ஷனாகவே வரும்.

முனிசிபாலிட்டி ஊழியர்கள் ஜி.இ.பி.எஃப்.-இல் இல்லை. உங்கள் நிதியத்தின் விதிப்புத்தகத்தைத் தனியாக வாங்கிப் படியுங்கள்.

பணம் வர ஏன் இவ்வளவு தாமதம்?

பென்ஷன் பணத்தைக் கேட்கும் இசட்102 படிவத்தை நிரப்புவது நீங்கள், அனுப்புவது உங்கள் ஹெச்.ஆர். அங்கேயே கிடந்துவிடுவதுதான் முதல் காரணம். இரண்டாவது, வரி வசூலிக்கும் சார்ஸ். வருமான வரிப் படிவங்கள் பாக்கி இருந்தால் வரி உத்தரவு நிற்கும், வரிக் கடன் இருந்தால் நேரே பிடித்துக்கொள்வார்கள். மூன்றாவது, வங்கிக் கணக்குச் சரிபார்ப்புக்கான இசட்894 படிவத்தில் முத்திரை இல்லாமல் இருப்பது. கடைசி வேலை நாளுக்கு ஆறு வாரம் முன்பே மூன்றையும் முடித்து, அனுப்பிய தேதிக்கு எழுத்துச் சான்று வாங்கி வையுங்கள்.

ஜெம்ஸ் போய்விடுமே?

போகும். ராஜினாமா செய்தவர் அதில் தொடர முடியாது, ஓய்வு பெற்றவர் தொடரலாம். புதிய திட்டத்துக்கு 90 நாளுக்குள் விண்ணப்பித்தால், வேலை மாற்றம் காரணம் என்பதால் காத்திருப்புக் காலம் போட முடியாது. சொந்தமாகத் தொழில் தொடங்குபவர்கள் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று விட்டால், 35 வயதைத் தாண்டியவர்களுக்குத் தாமதச் சேர்க்கை அபராதம் வரலாம். அது சந்தாவில் 5 முதல் 75 சதவீதம் வரை, ஆயுளுக்கும். ஜெம்ஸிலிருந்து உறுப்பினர் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். உறுப்பினராக இருந்த ஆண்டுகள் அந்த அபராதத்தைக் குறைக்கும்.

தேசிய, மாகாண ஊழியர்கள் யு.ஐ.எஃப். (வேலையின்மைக் காப்பீடு) கட்டுவதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். நிறுவனம் ஆறு மாதத்தில் ஆட்குறைப்பு செய்தால் உங்கள் கணக்கில் ஆறு மாத வரவு மட்டுமே இருக்கும்.

ராஜினாமாவை எப்போது கொடுப்பது?

வேலைக் கடிதம் கையில் வந்ததும் அல்ல. அந்தக் கடிதத்தில் பின்னணிச் சரிபார்ப்புக்கு உட்பட்டது என்று இருக்கும்: குற்றப் பதிவு, கடன் வரலாறு, படிப்புச் சான்று. நம் ஆட்கள் மாட்டுவது பெயரில். பிறப்புச் சான்றில் ஒரு எழுத்துக்கூட்டல், பட்டத்தில் ஒன்று, திருமணத்துக்குப் பின் அடையாள அட்டையில் இன்னொன்று. இதைச் சரிசெய்ய உள்துறை இலாகாவில் வாரங்கள் ஆகும். சரிபார்ப்பு முடிந்தது என்று எழுத்தில் வந்த பிறகே கடிதம் கொடுங்கள். கொடுத்துவிட்டால், திரும்பப் பெற முதலாளியின் சம்மதம் வேண்டும்.

ஓராண்டுக்கு மேல் பணியாற்றியவருக்குச் சட்டம் சொல்வது குறைந்தது நான்கு வார அறிவிப்பு. பல ஒப்பந்தங்களில் ஒரு மாதம். அவசரப்பட்டு வராமல் நிற்பவர்களுக்கு எச்சரிக்கை: ஒரு காலண்டர் மாதத்துக்கு மேல் அனுமதியின்றி வராதவர், பொதுப்பணிச் சட்டத்தின் 17(3)(அ) பிரிவுப்படி பணிநீக்கம் ஆனவராகவே கருதப்படுவார். அந்தச் சொல் உங்கள் பதிவில் ஏறினால் ஆலோசனைத் துறை உங்களைத் தொடாது.

வேலையில் இருந்துகொண்டே கன்சல்டன்சி தொடங்கலாமா?

சம்பளம் தரும் எந்த வெளிவேலைக்கும் பொதுப்பணிச் சட்டத்தின் 30-ஆம் பிரிவுப்படி முன் அனுமதி வேண்டும். அரசோடு வியாபாரம் செய்வதோ, அப்படிச் செய்யும் கம்பெனியில் இயக்குநராக இருப்பதோ அனுமதியோடும் கூடாது. 2014-ஆம் ஆண்டுப் பொது நிர்வாக மேலாண்மைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் இதற்குச் சிறைத்தண்டனை கூட உண்டு. மனைவி பேரில் தொடங்கி மறைக்கலாம் என்பது பழைய தந்திரம், அடையாள எண்ணை வைத்துக் கணினியே பொருத்திப் பார்க்கிறது.

விலகிய பிறகும் கவனம் தேவை. முனிசிபல் கொள்முதல் விதிகளில், கடந்த பன்னிரண்டு மாதத்தில் அரசுப் பணியில் இருந்தீர்களா என்று கேட்பார்கள். ஆம் என்றால் ஆம் என்றே எழுதுங்கள். பெர்சாலில் உங்கள் பெயர் மூட நாளாகும், அந்த இடைவெளியில் டெண்டர் போட்டால் ‘அரசு ஊழியர்’ என்று நிராகரிப்பார்கள். பணிச் சான்றிதழை இணையுங்கள். பழைய அலுவலகத்தின் கோப்பு, விலைப்பட்டியல், நோயாளிப் பட்டியல் எதையும் பென் டிரைவில் எடுத்து வராதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அங்கே காத்திருக்கிறது.

நிறுவனம் வேண்டாம், சொந்தமாக நடத்துகிறேன் என்றால்?

தொடங்குவது மலிவு. கம்பெனிகளைப் பதிவு செய்யும் சி.ஐ.பி.சி.யில் பெயர் ஒதுக்க 50 ராண்ட், பதிவுக்கு 125. பிறகு சார்ஸ் பதிவு, மத்திய சப்ளையர் தரவுத்தளத்தில் MAAA எண், பி.இ.இ. (கறுப்பர் பொருளாதார மேம்பாடு) உறுதிமொழிப் பத்திரம். இந்திய வம்சாவளியினரும் அந்தச் சட்டத்தில் ‘கறுப்பர்’ என்ற வரையறைக்குள் வருகிறார்கள். ஆண்டு விற்றுமுதல் 1 கோடி ராண்டுக்கு மிகாத, முழுவதும் உங்களுடைய கம்பெனிக்கு நேரே முதல் நிலை கிடைக்கும். தணிக்கைக்குப் பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள், உறுதிமொழிப் பத்திரம் போதும்.

முதல் வேலைக்குப் பெரிய டெண்டரைத் துரத்தாதீர்கள். மாகாண இலாகாக்களில் 10 லட்சம் ராண்ட் வரை எழுத்து விலைப்புள்ளி முறையில் கொடுக்கலாம், அதுவே உங்கள் வாசல். முனிசிபாலிட்டிகள் 2019 செலவுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, உள்ளே ஆள் இல்லை என்று தேவை மதிப்பீடு செய்த பிறகே ஆலோசகரை எடுக்கலாம். அந்த மதிப்பீட்டுக்குப் பொருந்தும்படி உங்கள் சேவையை எழுதுங்கள்.

பணம் 30 நாளில் தர வேண்டும் என்பது சட்டம். சட்டத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள். ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியாக வைத்துவிட்டு இறங்குங்கள். விலைப்பட்டியலில் ஆர்டர் எண் விட்டுப்போனால் 30 நாள் ஓடவே தொடங்காது. ஒரே வாடிக்கையாளரிடமிருந்து 80 சதவீதத்துக்கு மேல் வருமானம் வந்தால், சொந்தம் அல்லாத மூன்று முழுநேர ஊழியர்கள் இல்லாத பட்சத்தில், சார்ஸ் உங்கள் கம்பெனியைத் தனிநபர் சேவை நிறுவனமாகக் கருதும். செலவுக் கழிவுகள் பெரும்பாலும் போய்விடும்.

இந்தத் துறையின் பெயர் கெட்டுப்போய்விட்டதே?

கெட்டதுதான். சார்ஸ் விவகாரத்தில் பெய்ன் பற்றி 2018-இல் நுகெண்ட் ஆணையம் எழுதியதும், அரசு மின்சார நிறுவனமான எஸ்கம் கொடுத்த கட்டணத்தை மெக்கின்சி திருப்பிக் கொடுத்ததும், அரசு ஊழலை விசாரித்த ஸோண்டோ ஆணையத்தில் வந்தவையும் பொதுப் பதிவில் உள்ளவை. நேர்காணலில் இதைப் பற்றிக் கேட்பார்கள். நீங்களும் கேளுங்கள்: வேலையை மறுக்கும் அதிகாரம் யாருக்கு, துணை ஒப்பந்தக்காரரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், கட்டணம் வெற்றியோடு இணைந்ததா என்று. மழுப்பினால் எழுந்து வரலாம்.

வேலை நேரம்? காவடிக்கு லீவு கிடைக்குமா?

வாரம் ஐம்பது மணி நேரம் சாதாரணம். ஒவ்வொரு மணியையும் டைம்ஷீட்டில் எழுத வேண்டும், பில் போட முடியாத மணி உங்கள் மதிப்பீட்டில் இடிக்கும். மாகாண நிதியாண்டு மார்ச் 31-இலும், முனிசிபாலிட்டிகளின் நிதியாண்டு ஜூன் 30-இலும் முடிகிறது. அதனால் தைப்பூசமும் பங்குனி உத்திரமும் சரியாக மாகாண வேலையின் உச்சத்தில் விழும். விரதத்துக்கும் காவடிக்குமான நாட்களை வேலையில் சேரும் வாரமே நாட்காட்டியில் பூட்டுங்கள். புரட்டாசியில் அந்த நெருக்கடி இருக்காது.

சரிப்படாவிட்டால் அரசுக்குத் திரும்பலாமா?

திரும்பலாம். வாராந்திரக் காலிப்பணிச் சுற்றறிக்கையைப் பார்த்து, மற்றவர்களைப் போலவே இசட்83 படிவத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். ஆலோசனை அனுபவத்தைக் குழுக்கள் மதிக்கின்றன, சிலர் ஒரு நிலை மேலே திரும்பியிருக்கிறார்கள். ஆனால் பென்ஷன் பணத்தை எடுத்துவிட்டவருக்குப் பணி ஆண்டு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். பர்சரிப் பாக்கியோ முடியாத ஒழுங்கு விசாரணையோ விட்டுப் போயிருந்தால், நியமனத்துக்கு முந்தைய சரிபார்ப்பில் அது முதல் பக்கத்திலேயே வந்து நிற்கும்.